சாச்சி கேட்கச் சொன்ன கேள்வி

என் வயதுக்காரிகளே, கல்யாண வீட்டில் பந்தி முடிந்து நாம் பாயில் சாய்ந்து உட்காரும்போதெல்லாம் என் சாச்சியின் பேச்சு எப்படியோ வந்துவிடுகிறது. புயலில் போன சாச்சி. "புருசன் இல்லாம இருக்கப் பிடிக்கல. அதான் பள்ளிவாசல் ஆலிம்சா பேரச் சொல்லி ஒரு பொய்யச் சொல்லிட்டு வீட்டோட நின்னுட்டா" என்பீர்கள். சிலர் அதைப் பாசம் என்பீர்கள், சிலர் பாவம் என்பீர்கள். நான் வெற்றிலையை மடித்துக்கொண்டு சும்மா இருப்பேன். முப்பது வருஷத்துக்கு மேல் சும்மா இருந்தாயிற்று. சாச்சி பொய் சொல்லவில்லை. நடந்ததை எழுதுகிறேன், கடைசி வரை படித்துவிட்டு அப்புறம் என்னைத் திட்டுங்கள்.

சாச்சி என்றால் என் வாப்பாவின் தம்பி பெண்டாட்டி. கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, சாச்சா மஞ்சள் காமாலையில் மவுத்தாகிவிட்டார். வாப்பா அப்போது மலேசியாவில் ஒரு கடையில் வேலையாக இருந்தார். வீட்டில் உம்மா, நான், தவழ்கிற தம்பி, சாச்சி. ஆண்பிள்ளை என்று சொன்னால் அந்தத் தவழ்கிற தம்பிதான்.

சாச்சி இத்தாவில் உட்கார்ந்தார். புருசன் இறந்தால் நான்கு மாதமும் பத்து நாளும் பெண்டாட்டி வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். அந்நிய ஆண்கள் கண்ணில் படக்கூடாது. பூ இல்லை, குந்துமணி நகை இல்லை, அத்தர் இல்லை. வெள்ளைப் புடவை. உள்ளறையில் ஒரு பாய், ஒரு தண்ணீர்க் கூசா, ஒரு சின்ன ஜன்னல். அந்த ஜன்னலுக்கும் உம்மா பழைய கைலியைக் கிழித்துத் திரை போட்டிருந்தாள். சாச்சிக்கு அப்போது இருபது வயது இருக்கும். இப்போது கணக்குப் போட்டுப் பார்த்தால் என் மருமகளைவிடச் சின்னவர்.

எனக்குப் பதினொரு வயது. உள்ளறைக்கும் வெளி உலகத்துக்கும் நான்தான் தபால்காரி. ஒவ்வொரு நாளும் சுபுஹு தொழுகை முடிந்ததும் சாச்சி என்னிடம் ஒரு புளியங்கொட்டையைத் தருவார். நான் அதைப் பனையோலைக் கொட்டானில் போடுவேன். நூற்று முப்பது சேர்ந்தால் இத்தா முடிந்தது. நாள் கணக்கை விரலில் வைத்தால் மறந்துபோகும் என்பார். மத்தியானம் ஆனால் அதே கொட்டைகளைக் கொட்டிப் பல்லாங்குழி ஆடுவோம். ஆடி முடித்து எண்ணி உள்ளே போடும்போது ஒன்று குறைந்தாலும் விடமாட்டார். "ஏ புள்ள, என் ஒரு நாளைத் தொலைச்சிட்டியே" என்று சிரித்துக்கொண்டே பாயைத் தூக்கித் தேடுவார். அவர் சிரித்தால் உம்மா அடுப்படியிலிருந்து இருமுவாள். இத்தாவில் சிரிக்கிறாள் என்று அடுத்த வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாதாம்.

இங்கே என் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். உம்மாவின் அண்ணன். பள்ளிவாசலுக்குப் பக்கத்து வீடு. எங்கள் வீட்டுக்கு மண்ணெண்ணெய், அரிசி, வாப்பாவின் கடிதம் எல்லாம் அவர் கை வழியாகத்தான் வரும். நல்ல மனிதர். ஆனால் ஒரு பழக்கம், யாரிடம் எதைக் கேட்டாலும் பதில் அவர்தான் சொல்வார். இராமநாதபுரம் டாக்டரிடம் என்னைக் கூட்டிப் போனபோது, "எங்கம்மா வலிக்குது?" என்று டாக்டர் என்னைக் கேட்டார். "வயித்துல" என்றார் மாமா. எனக்கு வலித்தது காது. வயிற்றுக்கு மருந்து வாங்கிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தோம். இதை வைத்து வீட்டில் பல நாள் சிரித்திருக்கிறோம்.

ஐப்பசி முடிந்து கார்த்திகை பிறந்த நேரம். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்று மீன் விற்க வந்தவள் சொல்லிவிட்டுப் போனாள். கூண்டு ஏற்றுவது எங்களுக்குப் புதிதில்லை. வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை ஏற்றுவார்கள், இறக்குவார்கள். மறுநாள் காலையில் இராமநாதபுரத்திலிருந்து ஒரு ஜீப் வந்தது. கடைத்தெருவில் ஒரு முறை, பள்ளிவாசல் முன்னால் ஒரு முறை நின்று ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். கரையோரத்து ஜனங்கள் எல்லாரும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டுமாம். ஆண்கள் நிற்கிற இடத்தில் நின்று ஆண்களிடம் சொல்லிவிட்டு ஜீப் திரும்பிவிட்டது. பெண்கள் நடக்கிற எங்கள் சந்துக்குள் ஜீப் நுழையாது. எங்களுக்குக் காற்றில் பாதி கேட்டது, பாதி கேட்கவில்லை. மீதியைச் சந்தில் ஓடின பிள்ளைகள் சொன்னார்கள்.

பக்கத்து வீடுகள் மூட்டை கட்டின. உம்மா கட்டவில்லை.

"சாச்சிய விட்டுட்டு எப்படிப் போறது? இத்தாவுல இருக்கவளக் கூட்டிட்டுப் போயி ஊரு ஆம்பளைக நடுவுல உக்கார வைக்கவா? நாம எல்லாரும் இங்கனயே இருப்போம். அல்லா காப்பாத்துவான்" என்று சொல்லிவிட்டு, முற்றத்து விறகை உள்ளே எடுத்து அடுக்க ஆரம்பித்தாள்.

அன்று காலை போட்டது தொண்ணூற்றொன்றாவது கொட்டை. சாச்சி கொட்டானை மடியில் வைத்துக்கொண்டு திரையை விலக்கி வெளியே பார்த்தார். காற்று தென்னை மட்டைகளை ஒரே பக்கமாகத் தள்ளிப் பிடித்திருந்தது. தம்பி அவர் காலைப் பிடித்து எழுந்து நிற்கப் பார்த்தான். அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, உம்மாவுக்குக் கேட்காத குரலில் என்னைக் கூப்பிட்டார்.

"என்னால நீங்க எல்லாரும் இங்கன கெடக்கீங்க. புள்ளைக்கு எதுவும் ஆச்சுன்னா நான் என்ன செய்வேன்? ஒரு வேலை செய். ஆலிம்சாகிட்டப் போய்க் கேளு. இத்தாவுல இருக்கவ உசுருக்குப் பயந்து வெளியேறலாமா, கூடாதான்னு. ஆலிம்சாகிட்டயே நேரா கேளு, என்ன? வேற யாருகிட்டயும் சொல்லாத. உம்மாகிட்டயும் சொல்லாத."

"சரி" என்றேன். "சொல்லு பாப்போம்" என்றார். சொல்லிக் காட்டினேன். என் முக்காட்டை இழுத்துக் கழுத்தில் முடிச்சுப் போட்டு அனுப்பினார்.

மழை ஊசியாகக் குத்தியது. பள்ளிவாசல் வாசலில் ஆண்கள் கூட்டம். மணல் மூட்டை தூக்குகிறவர்கள், கயிறு பிரிக்கிறவர்கள், சும்மா நின்று சத்தம் போடுகிறவர்கள். உள்ளே, கை கால் கழுவுகிற ஹவுள் தொட்டிக்கு அந்தப் பக்கம், ஆலிம்சா எனக்கு முதுகைக் காட்டி நின்று குர்ஆன் பிரதிகளை மேல் தட்டுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். கூப்பிடு தூரம். உண்மையிலேயே கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பார்.

"என்ன புள்ள இங்கன?" மாமா. தோளில் கயிற்றுச் சுருள், தாடியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது.

"ஆலிம்சாவப் பாக்கணும் மாமா."

"என்னத்துக்கு?"

யாரிடமும் சொல்லாதே என்று சாச்சி சொன்னது நினைவிருந்தது. ஆனால் மாமா கேட்டு நான் பதில் சொல்லாமல் இருந்ததே இல்லை. சொன்னேன்.

"இதுக்கு எதுக்கு ஆலிம்சா? இத்தாவுல இருக்க பொம்பளை எங்கன போவா? பள்ளிக்கூடத்துல ஊரு ஆம்பளை பூராம் நிக்கிறான். உங்க வீடு கடல் பாறைய வெட்டி, கடக்கல்லு வச்சுக் கட்டுன சுவரு, எந்தக் காத்துக்கும் அசையாது. அந்திக்குள்ள அடங்கிரும். சாச்சிய இருக்கச் சொல்லு. உம்மாவ வேணும்னா புள்ளைகளோட பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லு. ஓடு, நனையாத."

நான் ஓடவில்லை.  மாமா அதற்குள் யாரையோ "ஏலே, அந்த முனையப் பிடிலே" என்று அதட்டிக்கொண்டு போய்விட்டார். ஆலிம்சா இன்னும் முதுகைக் காட்டித்தான் நின்றார். இத்தனை ஆண்களைத் தாண்டி உள்ளே போக எனக்குக் கூச்சமாக இருந்தது. அவ்வளவுதான் காரணம். வேறு ஏதாவது பெரிய காரணம் இருக்கும் என்று எத்தனையோ வருஷம் தேடிப் பார்த்துவிட்டேன். கூச்சம்தான்.

வீட்டுக்கு வந்தேன். நனைந்ததற்கு உம்மா முதுகில் ஒன்று வைத்தாள். உள்ளறைக்குப் போனேன்.

"என்ன சொன்னாஹ?"

"இருக்கச் சொன்னாஹ. வெளிய போக வேணாமாம்."

சாச்சி என் முகத்தைப் பார்த்தார். "ஆலிம்சாதானே சொன்னாஹ?"

மாமாவிடம் சொல்லிவிட்டேன் என்றால் கோபித்துக்கொள்வார் என்று பயம். திரும்பப் போகச் சொல்வாரோ என்றும் பயம்.

"ஆமா" என்றேன்.

படித்தீர்களா? அந்த வீட்டில் அன்று ஆலிம்சா பெயரைச் சொல்லிப் பொய் சொன்னவள் நான்.

சாச்சி தன் முந்தானையால் என் தலையைத் துவட்டினார். பிறகு உம்மாவிடம் போய், "லாத்தா, நீங்க புள்ளைகளத் தூக்கிட்டுப் போங்க. நான் ஓதிக்கிட்டு இருக்கேன்" என்றார். உம்மா கேட்கவில்லை. இரண்டு பேரும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மத்தியான லுஹர் பாங்கு கேட்டதா இல்லையா என்று தெரியவில்லை, அந்த நேரம் இருக்கும். முற்றத்தில் தண்ணீர் வந்தது.

மழைத் தண்ணீர் என்று நினைத்தோம். நான் கையில் தொட்டு நக்கிப் பார்த்தேன். உப்பு.

அடுப்பு அணைந்து புஸ்ஸென்றது. கொஞ்ச நேரத்தில் முழங்கால், அப்புறம் என் இடுப்பு. உம்மா தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு கத்தினாள். அப்போதுதான் சந்துக்குள் ஒரு வள்ளம் வந்தது. ஜீப் நுழையாத சந்துக்குள் வள்ளம் நுழைந்தது. கரைக் குப்பத்து மீனவர்கள் இரண்டு பேர், ஒருவர் பெரியவர், இன்னொருவர் அவர் மகன். எங்களுக்கு அவர்கள் யார் என்றுகூடத் தெரியாது. கத்துகிற சத்தம் கேட்டு வந்தவர்கள்.

மகன் என்னைத் தூக்கி உள்ளே போட்டார். தம்பியை வாங்கினார். உம்மா ஏறினாள். சாச்சி உள்ளறைக் கதவுக்குப் பின்னால் நின்றார். வெள்ளைப் புடவையின் ஓரம் மட்டும் தண்ணீரில் மிதந்து வெளியே தெரிந்தது.

"தாயி, வெரசா வா. சுவரு ஊறிப்போய் நிக்கிது" என்றார் பெரியவர்.

சாச்சி வரவில்லை. பெரியவருக்கு எங்கள் வழக்கம் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். தலைப்பாகையை அவிழ்த்துத் தன் கண்ணை மூடிக் கட்டிக்கொண்டார். மகனையும் திரும்பி நிற்கச் சொன்னார். "நாங்க பாக்கல தாயி. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன். நீ ஏறிக்க." கண்ணைக் கட்டிக்கொண்டு, ஒரு கையால் நிலைப்படியைப் பிடித்து வள்ளத்தை நிறுத்தி, அந்த மனிதர் காற்றுக்கு முகத்தைக் காட்டி நின்றார்.

"ஆலிம்சா இருக்கச் சொல்லிட்டாஹ. நீங்க புள்ளைகள மொதல்ல கரை சேருங்க" என்றார் சாச்சி.

உம்மா, "எப்பச் சொன்னாஹ? யாரு கேட்டா?" என்று அலறினாள். நான் வாயைத் திறந்தேன். மழைதான் உள்ளே போனது. மாமாதான் சொன்னாஹ, ஆலிம்சா இல்லை, நாலே வார்த்தை. என் வாய்க்குள் அது இருந்தது. வள்ளம் ஆடியது, தம்பி வீறிட்டான், நான் தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டேன். "திரும்பி வாரோம் தாயி" என்று பெரியவர் கண்கட்டை இழுத்துவிட்டுக் கழியை ஊன்றினார்.

திரும்பிப் போனார்கள். நேர்மையாகச் சொன்னால் உடனேதான் போனார்கள். கடக்கல் சுவர் உப்புத் தண்ணீரில் அப்படியே உட்கார்ந்திருந்தது. ஓடு மொத்தமும் அதன்மேல் கிடந்தது. அன்று அந்தி நேரம் பெரியவர் வெறும் வள்ளத்தைக் கட்டிவிட்டுப் பள்ளிக்கூடப் படியில் வந்து உட்கார்ந்து, போகிற வருகிற எல்லாரிடமும், "நான் திரும்பித்தான் நின்னேன். கண்ணக் கட்டிக்கிட்டுத்தான் நின்னேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் ஏதோ தப்பு செய்துவிட்டு மறுக்கிறார் என்று சிலர் நினைத்தார்கள்.

மேட்டுப் பள்ளிக்கூடத்தில் யார் யார் இருந்தார்கள் என்பது இப்போது ஒவ்வொன்றாக நினைவுக்கு வருகிறது. அதைவிட, யார் யார் இல்லை என்பதுதான் வருகிறது. கால் விளங்காத தையல்காரர் இல்லை, அவரை ஒரு தோப்பில் தென்னையோடு சேர்த்துக் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள், உயிர் பிழைத்தார். பிள்ளை பெற்றுப் பன்னிரண்டு நாள் ஆன ஒருத்தி இல்லை, தீட்டு என்று அவளை ஒரு கொட்டகையில் விட்டிருந்தார்கள். நடக்கிறவர்கள், கூச்சம் இல்லாதவர்கள், தீட்டு இல்லாதவர்கள் எல்லாரும் பத்திரமாக இருந்தோம். நன்றாகக் கஞ்சி ஊற்றினார்கள்.

மூன்றாம் நாள் சாச்சியை அடக்கம் செய்தார்கள். அன்று ஆலிம்சா பள்ளிக்கூட வராந்தாவில், நடுவே ஒரு போர்வையைத் திரையாகக் கட்டி, உம்மாவுக்கு ஆறுதல் சொன்னார். திரைக்கு இந்தப் பக்கம் உம்மாவும் நானும், அந்தப் பக்கம் அவரும் மாமாவும்.

உம்மா அழுதுகொண்டே, "நீங்க இருக்கச் சொன்னீஹன்னு இருந்துட்டாளே" என்றாள்.

"நானா?" என்றார் ஆலிம்சா. "என்கிட்ட யாரும் கேக்கலையேம்மா. உசுருக்கு ஆபத்துன்னா இத்தாவுல இருக்கவ தாராளமா வெளியேறலாம். மார்க்கம் தடுக்கலையே. கேட்டிருந்தா நானே வாசல்ல வந்து நின்னு கூப்பிட்டிருப்பேனே."

போர்வைக்கும் தூணுக்கும் நடுவே ஒரு கை அகலம் இடைவெளி. அது வழியாக மாமாவின் முகம் தெரிந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் பேசுவார் என்று நான் காத்திருந்தேன். நான் பேசுவேன் என்று அவர் காத்திருந்தாரோ என்னவோ. எல்லாருக்கும் முந்திப் பதில் சொல்கிற மனிதர், தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்ப அவ பொய் சொல்லிட்டா. எங்களைக் கரையேத்திட்டு, புருசன் பின்னாலயே போயிட்டா" என்றாள் உம்மா. அந்தக் கதை அங்கே பிறந்ததுதான். நீங்கள் கல்யாண வீட்டில் சொல்லுவது அதைத்தான். உம்மா சாகிறவரை சாச்சிக்காக ஓதினாள், அந்தப் பொய்யை மன்னிக்கச் சொல்லி ஓதினாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஆமீன் சொன்னேன்.

மாமாவைப் பற்றி நீங்கள் கேலி பேசுவதும் எனக்குத் தெரியும். காத்துக்கு முந்தி வருகிற மனிதர் என்று பெயர் வைத்தீர்கள். அதற்கப்புறம் பாம்பனில் கூண்டு ஏறிய செய்தி வந்தால் போதும், மாமா துணி கட்டிய மாட்டு வண்டியோடு கிளம்பிவிடுவார். முதலில் யாராவது இத்தாவில் இருக்கிற வீடு, பிறகு தையல்காரர் வீடு, பிறகு புதிதாகப் பிள்ளை பெற்றவள் வீடு. ஒவ்வொரு வாசலிலும் இறங்கி நின்று, "வாங்கம்மா" என்று கூப்பிடுவார். பாதி நாள் காற்றே அடிக்காது. கிழவனுக்கு வேற வேலை இல்லை என்று சிரித்தீர்கள், நானும் கூடச் சிரித்தேன். யாராவது அவரிடம் ஏதாவது கேட்டால், "கேட்டுச் சொல்றேன்" என்பார். அதைத் தவிர வேறு பதில் அவரிடம் வந்து நான் கேட்டதில்லை. நாங்கள் இரண்டு பேரும் அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் என் வீட்டுக்காரர் மவுத்தானது உங்களுக்குத் தெரியும். நான் இத்தாவில் இருந்தேன். மகன் துபாயில், மருமகள் பிரசவத்துக்குத் தாய் வீட்டில். மழை நாலு நாளாக விடவில்லை. ஆட்டோவில் மைக் கட்டி எங்கள் சந்துக்குள்ளேயே வந்தார்கள். வயதானவர்கள், கர்ப்பிணிகள், நடக்க முடியாதவர்கள் முதலில் வர வேண்டும் என்று ஒரு பெண் குரல் சொன்னது. நல்ல ஏற்பாடுதான், சுனாமிக்குப் பிறகு வந்த ஏற்பாடு. நான் அந்தப் பட்டியலில் எதிலும் இல்லை. எனக்குக் கால் நடக்கும், காது கேட்கும்.

எனக்கு மார்க்கச் சட்டமும் தெரியும். நம் ஊரிலேயே என்னைப் போல் அதை அறிந்தவள் கிடையாது. போகலாம். யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆனாலும் முற்றத்தில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு பாயில் உட்கார்ந்திருந்தேன், கால் எழவில்லை. பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்று, "மாமி இத்தாவுல இருக்காஹல்ல" என்று யாரிடமோ சொல்லிவிட்டுப் போவது கேட்டது. நாமாக எழுந்து முக்காடு போட்டுத் தெருவில் இறங்கினால் யார் என்ன சொல்வார்களோ என்ற அந்த ஒன்று, ஐம்பதை நெருங்குகிற வயதிலும் என்னைப் பிடித்து உட்கார வைத்தது. ஒரு ஆள் வந்து கூப்பிட வேண்டும், அவ்வளவுதான் வேண்டியிருந்தது. சாச்சிக்கும் அவ்வளவுதான் வேண்டியிருந்தது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அழுதேன்.

சந்தில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. இரண்டு பக்கமும் போர்வை கட்டியிருந்தார்கள். அதிலிருந்து மாமா இறங்கினார். எண்பது வயது, இடது கண் தெரியாது. டிரைவர் தோளைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் கைத்தடியால் தடவித் தடவி வந்து என் அறை வாசலில் நின்றார். அவருக்கு மூச்சு வாங்கியது.

"வாம்மா" என்றார்.

நான் எழுந்திருக்கவில்லை. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"ஆலிம்சாகிட்டக் கேட்டுட்டேன். போகலாம்னு சொல்லிட்டாஹ."

 என் வாயிலிருந்து வந்தது சாச்சியின் வார்த்தை.

"ஆலிம்சாதானே சொன்னாஹ, மாமா?"

மாமாவின் தாடி ஆடியது. 

"அவஹதாம்மா. இந்தத் தடவை நேரா கேட்டுட்டுத்தான் வாரேன்."

பிறகு அந்த எண்பது வயது மனிதர் தடியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் குனிந்து, தண்ணீரில் மிதந்துகொண்டிருந்த என் செருப்பைக் கையால் துழாவித் துழாவி எடுத்துக் கொடுத்தார்.